சிங்கப்பூர் வர நல்ல மாசம்

— இந்த மாசம் வராதேன்னு எழுதுனேனா இல்லையா, ஆமினா?

— எழுதுனீஹ. போன மாசமும் வராதேன்னு எழுதுனீஹ. அதுக்கு முந்துன மாசமும் எழுதுனீஹ. உங்க சிங்கப்பூருல வரக்கூடிய மாசம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு நேர்ல பாத்துருவோம்னுதான் கப்பலேறுனேன்.

— மெதுவாப் பேசு. இது கடை. கேம்பல் லேன் பூராவும் எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க.

— அது தெரியுது. நெய்னா முகம்மது கைலிக் கடை எங்கேன்னு முக்குல இருந்த பூக்கடைக்காரர்கிட்ட கேட்டேன். வாயால சொன்னாப் போதும், அவரு எந்திரிச்சுக் கூடவே வந்து வாசல்ல விட்டுட்டுப் போறாரு. நல்ல பேருதான் எடுத்து வச்சிருக்கீஹ.

— அவர்கிட்ட நீ யாருன்னு சொன்னியா?

— அவரு கேக்கல.

— அல்ஹம்துலில்லா.

— கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தோப்புத்துறையிலேருந்து வந்த பொண்டாட்டின்னு. அதுல என்ன ஒளிக்க இருக்கு?

— ஒளிக்க ஒண்ணுமில்ல. அந்தப் பொட்டிய இப்படி உள்ள தள்ளு. துணி மூட்டைக்குப் பின்னால வை.

— பொட்டி வாசல்ல இருக்கட்டும். திருடிக்கிட்டா வந்தேன்?

— மழையில நனையும்னு சொல்றேன். பாரு வெளிய! இதுக்குத்தான் படிச்சுப் படிச்சு எழுதுனேன். மழைக்காலம் ஆரம்பிச்சாச்சு. இனி ஜனவரி முடிய விடாது. நாலு எடம் சுத்திப் பாக்க வர்றவங்க சீசன் பாத்து வரணும்லா. காத்தோங் கடக்கரைக்குப் போனா ஒரே சேறு. பூந்தோட்டத்துக்குப் போனா குடையப் பிடிச்சுக்கிட்டு மரத்தடியில நிக்கணும். நியூ வேர்ல்டுல ராட்டினம் சுத்தாது. என்னத்தப் பாப்பே நீ?

— நம்ம ஊரும் கடக்கரைதான் மச்சான். ஐப்பசியில முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டுத்தான் சோறு ஆக்குறேன். மழைக்குப் பயந்தவளா இருந்தா உங்களக் கட்டியிருக்கவே மாட்டேன். நம்ம நிக்காஹு அன்னிக்குப் பந்தலப் பிச்சுக்கிட்டுப் போச்சே, மறந்துட்டீஹளா?

— நான் சொல்றதக் கேளு...

— நீங்க சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லவா? மனப்பாடமா இருக்கு. மொத வருசம் பஸ்ஸுக்காரங்க ஸ்டிரைக்கு, தெருவுல வெட்டுக்குத்துன்னு எழுதுனீஹ.

— அது பொய்யா? எத்தன பேரு செத்தாங்க அதுல!

— பொய்யின்னு சொல்லல. கலாட்டா அடங்குனப்புறம் அடங்கிடுச்சுன்னு நீங்க எழுதல. அதுக்கடுத்து பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கலாட்டா, ஊரடங்குன்னீஹ. பொறவு ஊரு பூரா விசக் காய்ச்சல்னீஹ. காய்ச்சல் விட்டுச்சா, நோன்பு வந்துச்சு. நோன்பு மாசத்துல வந்தா சுத்த முடியாது, பெருநாளைக்கு வந்தா கடையில கூட்டம், பெருநாள் கழிச்சு வந்தா வெயில். இந்த வருசம் என்ன? எலெக்சன்! எலெக்சன்ல நானா நிக்கப் போறேன்?

— உனக்கு அங்க இருந்து பாத்தா எல்லாம் லேசாத்தான் தெரியும். இங்க இருக்குற சூசா இங்க இருக்குறவனுக்குத்தான் தெரியும்.

— என்ன சா?

— சூசா. தொந்தரவு. மலாய்ல அப்படிச் சொல்வோம்.

— அப்ப நானும் ஒரு சூசாதானே? சரி, அத விடுங்க. ஜமீலா நிக்காஹுக்கு நீங்க வரல. பெத்த மவ, ஒரே மவ. உங்க எடத்துல உங்க கூடப் பொறந்த காக்கா உக்காந்து மாப்பிள்ள கையப் பிடிச்சாஹ. நீங்க பட்டு அனுப்புனீஹ, தந்தி அனுப்புனீஹ. அதுக்கும் சீசன் சரியில்லையா? அங்க மழ இல்ல, கலாட்டா இல்ல, எலெக்சன் இல்ல.

— கடைய யாரு பாக்குறது?

— இந்தக் கடையையா? அரை மணியா நிக்குறேன். ஒரு ஈ உள்ள வரல.

— மழை பேயுதுலா. ஆமினா, சண்டை வேணாம். கப்பல்ல அலைபட்டு வந்திருக்கே, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. ஒரு டீ சொல்லட்டா?

— வேணாம்.

— கேலாங்ல எனக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு இருக்கு. நல்ல மனுசங்க. இன்னிக்கே அங்க கொண்டுபோய் விடுறேன். நல்லாத் தூங்கு, நல்லாச் சாப்பிடு. அடுத்த கப்பல்ல நானே டிக்கெட் எடுத்து ஏத்தி விடுறேன். வர்ற ஜூன்ல, இன்ஷா அல்லா, நானே ஊருக்கு வந்து உன்னைக் கையோட கூட்டிக்கிட்டு வர்றேன். ஜூன்தான் இங்க பெஸ்ட் சீசன். மழை இருக்காது. ஊரே பளிச்சுன்னு இருக்கும். டாக்சி வச்சு ஊரு பூராச் சுத்திக் காட்டுறேன், பாரு.

— ஜூனா?

— ஜூன்.

— வர்ற டிசம்பருக்கு முந்தியா, பிந்தியா?

— இதென்ன கேள்வி? டிசம்பர் முடிஞ்சுதான் ஜூன் வரும்.

— டிசம்பரோட கதவச் சாத்திருவாஹளாமே.

— எந்தக் கதவு?

— சிங்கப்பூருக் கதவு. புருசன் இங்கயும் பொண்டாட்டி அங்கயுமா அஞ்சு வருசம் பிரிஞ்சு கெடந்தா, பொறவு அந்தப் பொண்டாட்டிய உள்ள விட மாட்டாஹளாம். புதுசாச் சட்டம் வருதாம். நீங்க நாகப்பட்டினத்துல கடைசியாக் கப்பலேறுனது ஒரு டிசம்பருதான். நான் கடக்கரையில நின்னேன். ஜமீலா உங்க சட்டையப் பிடிச்சுக்கிட்டு விடல. இந்த டிசம்பரோட அதுக்கு அஞ்சு வருசம் ஆவுது.

— யாரு உனக்கு இதெல்லாம் சொல்றது?

— நீங்க சொல்லல. அது மட்டும் தெரியும். சட்டம் வர்றது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

— பேப்பர்ல என்னமோ போட்டிருந்தான்.

— படிச்சீஹளா?

— படிச்சேன்.

— படிச்சிட்டுத்தான் ஜூன்ல வான்னு கூப்புடுறீஹளா?

— அத விடு ஆமினா.

— விட மாட்டேன் மச்சான். அஞ்சு வருசமா மழ, வெயிலு, காய்ச்சலுன்னு எழுதுனதுக்கெல்லாம் நான் உங்க மேல கோவப்படல. ஆம்பளைக்கு அங்க என்ன கஷ்டமோன்னு நெனச்சேன். ஆனா கதவு சாத்துற நாளு தெரிஞ்சுக்கிட்டு, சாத்துனப்புறம் வான்னு கூப்புட்டீஹ பாருங்க, அது எனக்குப் பொறுக்கல. நான் வந்து வெளிய நின்னுருப்பேன். நீங்க உள்ள இருந்து, அய்யோ சட்டம் இப்படி ஆயிருச்சேன்னு அழுதுருப்பீஹ. நானும் நம்பியிருப்பேன்.

— ஆமினா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க. மாடிச் சன்னல்ல மூங்கில் கழி நீட்டி, அதுல பொம்புளத் துணி காயுது. அதப் பத்தியா?

— பாத்துட்டியா?

— தெருவுக்குள்ள நொழஞ்சதுமே பாத்தேன். ஆனா அதுக்கு முந்தியே தெரியும். நாலு மாசமாத் தெரியும்.

— ஊருக்கும் இங்கயும் அலையுற அந்த நூர்தீன் சொன்னானா? அவன் வாய...

— யாரு சொன்னா என்ன? நம்ம ஊருல ரெண்டாவது கட்டுன ஆம்பள நீங்க ஒருத்தர்தானா? சொல்லியிருந்தா அழுதிருப்பேன். ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடந்திருப்பேன். உங்களையும் உங்க வம்சத்தையும் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். அப்புறம் எந்திரிச்சு வேலையப் பாத்திருப்பேன். ஒளிச்சு வைக்கிற அளவுக்கு நான் என்ன பேயா, பிசாசா?

— பேரு பரீதா. இங்கயே பொறந்து வளந்தவ. ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு. நல்ல பொண்ணு ஆமினா, உனக்கும் பிடிக்கும். எனக்கு நெஞ்சுச் சளி வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல, அப்போ பக்கத்துப் படுக்கையில அவளப் பெத்த அத்தா. எனக்கு யாரும் வர்றதில்லைன்னு பாத்துட்டு, ரெண்டு பேருக்கும் சேத்துக் கஞ்சி கொண்டாந்து குடுத்தா. தனியாக் கெடந்தவனுக்கு அந்தக் கஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா?

— எப்படி இருந்துச்சு?

— நீ வச்ச மாதிரி.

— அப்ப என்னையக் கூப்புட்டிருக்கலாமே. நான் வச்சதே குடிச்சிருக்கலாம்.

— அது மட்டும் இல்ல ஆமினா. இன்னொண்ணு இருக்கு.

— இன்னும் என்ன?

— அவளுக்கு உன்னைப் பத்தித் தெரியும். உன் பேரு தெரியும். ஜமீலாவ ரொம்ப நல்லாத் தெரியும், அந்தப் பட்டுக்கூட அவதான் பாத்துப் பாத்து எடுத்தா. ஆனா நீ... நீ இல்லைன்னுதான் அவளுக்குத் தெரியும்.

— இல்லைன்னா? தலாக் சொல்லிட்டேன்னு சொன்னீஹளா?

— இல்ல.

— பொறவு?

— மவுத்தாயி அடக்கியாச்சுன்னு சொன்னேன்.

— யாரு?

— நீ.

— ...

— ஆமினா? இந்த ஸ்டூல்ல உக்காரு. ஆமினா, எதாவது பேசு. திட்டு. எதாவது சொல்லு.

— எந்த மாசம்?

— என்னது?

— எந்த மாசம் மவுத்தானேன்? எல்லாத்துக்கும் சீசன் பாப்பீஹளே. என்னைய எந்தச் சீசன்ல அனுப்பி வச்சீஹ?

— கேக்காதே.

— என் மவுத்து எனக்குத் தெரிய வேணாமா? ஊருக்கே தெரிஞ்சிருக்கு.

— மூணு வருசம் முந்தி, ரபியுல் ஆகிர்ல.

— இது ரபியுல் ஆகிர்தானே?

— ஆமா.

— என்ன வந்து மவுத்தானேன்?

— காய்ச்சல்னு சொன்னேன். மூணே நாள்ல முடிஞ்சிருச்சு, ரொம்பக் கஷ்டப்படலன்னு சொன்னேன்.

— கஷ்டப்படலையா? நல்லவேள. அதுல கொஞ்சம் எரக்கம் காட்டியிருக்கீஹ.

— வேற வழி இல்ல ஆமினா! உயிரோட பொண்டாட்டி இருக்குறவனுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு அவ அத்தா கண்டிசனாச் சொல்லிட்டாரு. அப்ப உனக்குத் தலாக் சொல்லிடலாம்னு ஒரு ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன். சத்தியமா எனக்கு மனசு வரல. உன்னை விடவும் முடியல, அவள விடவும் முடியல.

— தலாக் சொல்ல மனசு வரல. மவுத்துச் சொல்ல மட்டும் மனசு வந்துச்சு.

— அது வெறும் வாய் வார்த்தைதானே! உனக்கு என்ன கொறஞ்சுது? ஒரு மாசம் தவறாமப் பணம் அனுப்புனேனா இல்லையா?

— அனுப்புனீஹ. கபுருக் குழிக்கு மணியார்டர் அனுப்புன மொத ஆளு நீங்கதான். தபால்காரர்கிட்டக் கைநாட்டு வச்சு வாங்குனேனே, அது யாரு கை மச்சான்? நான் உயிரோடதான் இருந்தேன். கருவாடு காய வச்சேன், கூரை மாத்துனேன், மவளக் கட்டிக் குடுத்தேன். போன மாசம் பேரன் பொறந்தான், காதுல பாங்கு சொல்றப்போ ஓரத்துல நின்னுக்கிட்டு, புள்ளைக்கும் உங்களுக்கும் சேத்துத் துஆ கேட்டேன். செத்தவ கேட்ட துஆ.

— பேரனா? எனக்கு எழுதலையே நீ?

— செத்தவ எழுதலாமா?

— ஆமினா, போதும். நான் செஞ்சது தப்புதான். ஆயிரம் தடவ தப்பு. உன் கால்ல வேணா விழுறேன். ஆனா இப்ப அவ ஆபீஸ் விட்டு வர்ற நேரம். அவ அத்தாவுக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட விடமாட்டாரு. பள்ளிவாசல்ல ஒருத்தன் என் மொகத்துல முழிக்க மாட்டான். டன்லப் ஸ்ட்ரீட் ஜமாத்துல நான் கணக்குப்பிள்ளைலா. இருபது வருசப் பேரு. நீ ஒண்ணே ஒண்ணு செய். எனக்கு மாமி மவளுன்னு சொல்லிடு. லீவுக்கு வந்த மாமி மவ. அவ்வளவுதான்.

— முடியாது.

— ஒரு வாரம்தான்.

— ஒரு நாளு முடியாது. ஒரு நிமிசம் முடியாது.

— எனக்காகச் சொல்ல வேணாம். அந்தப் பொண்ணுக்காகச் சொல்லு. அவ என்ன பாவம் பண்ணுனா?

— ஒண்ணும் பண்ணல. அதனாலதான் பொய் சொல்ல மாட்டேன். உங்களால ஒருத்தி ஏமாந்து கெடந்தது போதும்.

— அப்ப நானும் பொல்லாதவனாத்தான் ஆவணும். பாரு, இங்கயே, இப்பவே மூணு தலாக்கையும் சொல்லிடுவேன். அப்புறம் உனக்கு இங்க என்ன பாத்தியதை? எந்தச் சட்டம் உன்னை உள்ள விடும்?

— சொல்லுங்க.

— சொல்லிடுவேன்!

— சொல்லுங்க மச்சான், கேக்குறேன். ஆனா அதுக்கு ரெண்டு சாட்சிய வச்சு, ஜமாத்துல எழுதணும். ஆமினா பீவிக்குத் தலாக்குன்னு எழுதுறப்போ, அந்த ஆமினா பீவி மூணு வருசத்துக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாளேன்னு கேப்பாஹ. செத்தவளுக்கு எப்படித் தலாக் சொல்லுவீஹ? மொதல்ல நான் உயிரோட இருக்கேன்னு நாலு பேருக்குச் சொல்லுங்க. அப்புறம் எது வேணா சொல்லுங்க.

— உனக்கு என்னதான் வேணும்? என்னோட இருக்கணுமா? சொல்லு!

— உங்களோடயா? நல்லாக் கேட்டுக்குங்க. நான் உங்களத் தேடி வரல. நீங்களே எழுதுனீஹளே, சிங்கப்பூரு பாக்க வேண்டிய ஊருன்னு. பாக்க வந்தேன். ஒரு மாசம் தங்குறதுக்குப் பாஸு இருக்கு. மழையில நனஞ்சுக்கிட்டே சுத்துவேன். காத்தோங் கடலயும் பாப்பேன், ராட்டினத்துலயும் ஏறுவேன். இங்க இருக்குறதா, போறதாங்குறத அந்தக் கதவு சாத்துறதுக்குள்ள நானே முடிவு பண்ணுவேன். நீங்க இல்ல. உங்க சீசன் இல்ல.

— அஸ்ஸலாமு அலைக்கும். என்னங்க, வாசல்ல ஒரு பொட்டி நனையுது? யாரோடது?

— பரீதா! நீ... நீ அதுக்குள்ள வந்துட்டியா?

— ஆபீஸ்ல சீக்கிரம் சொல்லிட்டு வந்தேன்லா. யாரு இவங்க?

— இது வந்து... ஊர்ல இருந்து. எங்க மாமி மவ. லீவுக்கு வந்திருக்கு. பேரு ஹலீமா.

— வ அலைக்குமுஸ்ஸலாம். என் பேரு ஆமினா பீவி.

— தெரியும் ராத்தா. துறைமுகத்துக்கே வரணும்னு இருந்தேன். கப்பல் முந்திக்கிச்சு, ஆபீஸ்ல விடல. மன்னிச்சிடுங்க. நூர்தீன் அண்ணன் பத்திரமாக் கொண்டாந்து விட்டாரா?

— ரோட்டு முனை வரைக்கும் வந்தாஹ. உள்ள வரப் பயந்துக்கிட்டுத் திரும்பிட்டாஹ.

— பரீதா, உனக்கு... உனக்கு எப்படி இவளை...

— டிக்கெட் எடுத்தது நான்தாங்க. என் சம்பளத்துல. பாஸுக்கு எங்க ஆபீஸ் வக்கீலே எழுதிக் குடுத்தாரு. அந்தப் புதுச் சட்டத்தப் பத்தி அவருதான் சொன்னாரு. நான்தான் ராத்தாவுக்குச் சொல்லி அனுப்புனேன், டிசம்பருக்குள்ள வந்துடுங்கன்னு.

— எத்தன நாளா உனக்குத் தெரியும்?

— போன நோன்புப் பெருநாள்ல இருந்து. நீங்க தொழுவப் போயிருந்தீங்க. நூர்தீன் அண்ணன் ஊர்ல இருந்து வந்தவரு, ஒரு பாட்டில நீட்டுறாரு. ஆமினா பீவி குடுத்து விட்ட எலுமிச்சங்கா ஊறுகாய், நெய்னாவுக்குப் பிடிக்குமாம்னு. எந்த ஆமினான்னு கேட்டேன். அவரு சிரிக்கிறாரு. நெய்னாவுக்கு எத்தன ஆமினான்னு என்னையே கேக்குறாரு. நான் அந்த பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு மாடிப்படியிலேயே உக்காந்துட்டேன்.

— அந்த ஊறுகாய்... கடையில வாங்குனதுன்னு சொன்னியே?

— சொன்னேன். நீங்க வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்க. ஊர் ஊறுகாய் மாதிரியே இருக்குன்னு சொன்னீங்க. நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இப்பவாவது சொல்லுவாரா, இப்பவாவது சொல்லுவாரான்னு. பாட்டில் காலியாச்சு. நீங்க சொல்லல.

— எனக்கு ஒண்ணு சொல்லு தங்கச்சி. வான்னு சொல்லி அனுப்புனே, டிக்கெட் அனுப்புனே, சட்டத்தச் சொன்னே. நான் மவுத்தாயிட்டேங்கறத மட்டும் ஏன் சொல்லி அனுப்பல?

— எழுத உக்காந்தா கை வரல, ராத்தா. நூர்தீன் அண்ணன்கிட்ட வாயால சொல்லவும் வரல. அது என் வாயில இருந்து வரக்கூடாது. அவரு வாயால நீங்க கேக்கணும்னு நெனச்சேன். சொன்னாரா?

— சொன்னாஹ. காய்ச்சலாம். மூணே நாளாம்.

— எனக்கும் அப்படித்தான் சொன்னாரு. சொல்றப்போ கண்ணுல தண்ணி வந்துச்சு. அத நம்பித்தான் ராத்தா நான் கழுத்த நீட்டுனேன். பொண்டாட்டிக்காக இப்படி அழுவுற மனுசன் நல்லவராத்தான் இருப்பாருன்னு.

— பரீதா, நான் சொல்றதக் கேளு...

— இருங்க. நான் இன்னும் முடிக்கல. ராத்தா, இந்த மூணு வருசமும் ஒவ்வொரு வெள்ளி ராத்திரியும் உங்க பேரச் சொல்லி நான் யாசீன் ஓதியிருக்கேன். உங்க எடத்துக்கு வந்திருக்கோமே, உங்க மனசு நோகக்கூடாதேன்னு. ஓதி முடிச்சு துஆ கேப்பேன். இவரு பக்கத்துல உக்காந்து ஆமீன் சொல்லுவாரு. கேட்டுப் பாருங்க, இல்லைன்னு சொல்லட்டும்.

— ஆமீன் சொன்னீஹளா மச்சான்?

— சொன்னேன்.

— சரி. அழுவாத தங்கச்சி. நீ ஓதுனது வீணாப் போவாது. போன வருசம் கெணத்தடியில வழுக்கி விழுந்து பொழச்சேன். அது எதனாலன்னு இப்பத்தான் தெரியுது. எனக்காக மனசார ஓதுன ஒருத்தி இந்த ஊருல இருந்திருக்கா. அதுவே எனக்கு ஒரு சொந்தந்தான்.

— உங்க மேல எனக்குக் கோவம்கூட இருந்துச்சு ராத்தா. உயிரோட இருக்கீங்களேன்னு. ரெண்டு நாள் இருந்துச்சு. அப்புறம் என்னை நெனச்சு எனக்கே வெக்கமாப் போச்சு.

— இருக்காதா பின்ன? எனக்கும் உன் மேல இருந்துச்சு. கப்பல்ல பினாங்கு வரைக்கும் உன்னை ஏசிக்கிட்டேதான் வந்தேன். நீ எடுத்துக் குடுத்த டிக்கெட்டுல உக்காந்துக்கிட்டு.

— பரீதா, உனக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே? நமக்குள்ள பேசித் தீத்திருக்கலாம்லா.

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? வேற ஆமினான்னு சொல்லியிருப்பீங்க. இல்ல, நூர்தீனுக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லியிருப்பீங்க. நானும் நம்பியிருப்பேன். அதுதாங்க எனக்குப் பயம்.

— இப்ப என்ன பண்ணச் சொல்றே? நீயே சொல்லு.

— ராத்தா மேல என் ரூம்ல இருப்பாங்க. நான் தரையில படுத்துக்குவேன்.

— அதெல்லாம் வேணாம். கட்டில் இருந்தா ரெண்டு பேரும் படுப்போம்.

— அப்ப நான்?

— கடையில மூட்டைங்க இருக்குதுல்ல மச்சான்? மெத்துன்னுதான் இருக்கும். நான் தொட்டுப் பாத்தேன்.

— உங்களோட இருக்குறதா வேணாமான்னு நானும் யோசிக்கணுங்க. இன்னிக்கு முடிவு பண்ணல. ராத்தாவும் யோசிக்கட்டும்.

— சரி, யோசிங்க. ரெண்டு பேரும் நல்லா யோசிங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன் பரீதா. அழைக்குறதுன்னு முடிவு பண்ணிட்டே. ஜூலையில அழைச்சிருக்கலாம், ஆகஸ்ட்ல அழைச்சிருக்கலாம். மழை இல்ல, ஒண்ணுமில்ல. போயும் போயும் இந்த மாசத்துலயா கூப்பிடுவே?

— உங்களுக்குத் தெரியாதாங்க? ராத்தா வர இதவிட நல்ல மாசம் எது? ராத்தா, நாளைக்கு லுஹர் தொழுகைக்கு அப்புறம், நீங்க மவுத்தான நாளுக்கு வருச ஃபாத்திஹா. ஆடு சொல்லியாச்சு. ஓதுறதுக்கு லெப்பை வர்றாரு, ஜமாத்து பூராவும் வருது, எங்க அத்தா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றாரு. மொத சோறு உங்க கையால பரிமாறுங்க.